தண்ணீர் மேல் தக்காளியை நிறுத்தியது

முதல் நாள்

"வேரு தண்ணியில இருக்கும், சரி. செடி எதுல நிக்கும்?"

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கொளஞ்சியக்கா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அவர் அங்கே எனக்கு முன்பிருந்தே வேலை பார்த்தவர். நான் டிப்ளமோ முடித்துவிட்டு வந்தவன்.

இடம் பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், குன்னம் பக்கம். ஒரு காலத்தில் பிராய்லர் கோழி வளர்த்த ஷெட். முதலாளி கனகசபை சார் கூரை ஷீட்டைக் கழற்றிவிட்டு பாலித்தீன் போட்டிருந்தார். உள்ளே முழங்கால் உயரத்துக்கு நீளநீளமாகச் செங்கல் தொட்டி கட்டி, தார்ப்பாய் விரித்து, தண்ணீர் நிரப்பியிருந்தார். இந்த முறைக்கு எங்கள் தொழிலில் டீப் வாட்டர் என்று பெயர். தண்ணீரில் உரத்தைக் கரைத்துவிட வேண்டும். அடியில் ஏர் ஸ்டோன் என்ற நுண்துளைக் கல்லைப் போட்டு, அதன் வழியாகப் பம்பால் காற்று ஊத வேண்டும். தண்ணீர் மேல் தெர்மாகோல் பலகையை மிதக்கவிட்டு, அதில் போட்ட ஓட்டையில் செடியை வைக்க வேண்டும். வேர் தண்ணீருக்குள், இலை வெளியே.

வழக்கமாக ஓட்டையில் ஒரு வலைக் கப்பை வைத்து, அதில் தென்னை நார்க்கழிவோ களிமண் உருண்டையோ போட்டுச் செடியை நிறுத்துவார்கள். நான் வருவதற்கு முன்பு இங்கேயும் நார்க்கழிவுதான் போட்டிருக்கிறார்கள். அது தூள்தூளாகத் தண்ணீரில் விழுந்து ஏர் ஸ்டோனை அடைத்துவிட்டது. ஒரு தொட்டிச் செடி முழுக்க மூச்சுவிட முடியாமல் செத்துப்போயிருக்கிறது. அன்றைக்கு முதலாளியே தொட்டிக்குள் இறங்கிக் கையால் அள்ளியிருக்கிறார்.

"இனிமே இந்த ஷெட்டுக்குள்ள ஒரு கைப்பிடி மண்ணு, நாரு, கல்லு எதுவும் வரக்கூடாது. செடி, தண்ணி, அவ்ளோதான். முடியும்ல தினேஷு?" என்று என்னைக் கேட்டார்.

"முடியும் சார்" என்றேன். வெளிநாட்டுப் பண்ணைப் படம் ஒன்றில் பார்த்திருந்தேன், அந்தத் தைரியம்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பாவும் அம்மாவும் வெங்காயக் காட்டில் கூலி வேலை. அன்று சாயங்காலம் அப்பா போனில் என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன்.

"தண்ணியில பயிரு நிக்கறது என்ன பெரிய அதிசயம்? நெல்லு நிக்கலயா?"

"அது சேத்துல நிக்குதுப்பா."

"அப்ப ஒங்களுது எதுல நிக்குது?"

ஒரே நாளில் இரண்டு பேர் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "வேல இருக்கு, அப்புறம் பேசறேம்ப்பா" என்று வைத்துவிட்டேன்.

கழுத்துப்பட்டை

பதில் தண்டிலேயே இருக்கிறது. தண்டைச் சுற்றி மெத்தென்று ஒரு வட்டத் துண்டை மாட்டி, அதை ஓட்டையில் செருகிவிட்டால் போதும். துண்டு ஓட்டையைப் பிடிக்கும், செடியைத் துண்டு பிடிக்கும். வெளிநாட்டில் இதற்கென்றே ரப்பர் துண்டு விற்கிறார்கள். எங்களுக்கு வந்து சேரவில்லை. ஆகவே மெத்தைக் கடையில் பஞ்சு போன்ற ஃபோம் வாங்கி, கொளஞ்சியக்காவும் நானும் வட்டம் வட்டமாக வெட்டி, ஓரத்திலிருந்து நடு வரைக்கும் ஒரு கீறல் போட்டு, லெட்டூஸ் நாற்றின் தண்டில் மாட்டினோம். அழகாக நின்றது. முதலாளி போட்டோ எடுத்தார்.

அந்த வாரத்திலேயே தண்டு அழுக ஆரம்பித்தது. வேர் வெள்ளையாக நன்றாகத்தான் இருந்தது. இலையும் நன்றாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே, ஃபோம் பிடித்த இடம் மட்டும் பழுப்பாகிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. உரம் அதிகமோ என்று தண்ணீரைச் சோதித்தேன். சரியாக இருந்தது. எங்கள் போர்வெல் தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர், குடத்தில் வெள்ளையாகப் படியும். அதனாலோ என்று ஆசிட் விட்டுப் பார்த்தேன். அப்போதும் அழுகியது.

ஒரு நாள் ஒரு துண்டைக் கழற்றிக் கையில் பிழிந்தபோது தண்ணீர் சொட்டியது. பிறகுதான் விளங்கிற்று. ஃபோம் தண்ணீரை மேலே உறிஞ்சுகிறது. ராப்பகலாக ஈரத்துணி சுற்றிய கழுத்துபோல அந்தத் தண்டு இருந்திருக்கிறது. தண்ணீரைக் குடிக்காத ஃபோம் வேண்டும்.

அப்படி ஒன்று பெரம்பலூரில் செருப்புக்கு அடிப்பாகம் வெட்டும் ஷீட்டாகக் கிடைத்தது. மெத்தென்று இருக்கும், ஈரம் ஏறாது. முதலாளி முகம் சுளித்தார்.

"திங்கிற செடிக்குச் செருப்பு ரப்பரா?"

"புது ஷீட்டுதான் சார். யாரும் போட்டு நடக்கல."

கொளஞ்சியக்கா, "நடந்தாலும் என்னா முதலாளி, நாம நடக்குற மண்ணுலதான இம்புட்டு நாளும் வெளஞ்சுது" என்றார். முதலாளி சிரித்துவிட்டார். கொளஞ்சியக்காவின் பேச்சுக்கு அப்போதெல்லாம் அங்கே நல்ல இடம் இருந்தது.

அந்த ஷீட்டில் வெட்டிய கழுத்துப்பட்டையில் லெட்டூஸ் ஒன்றுகூட அழுகவில்லை.

தக்காளி

லெட்டூஸ் குட்டைச் செடி. கழுத்தைப் பிடித்தால் போதும். அது தேறியதும் முதலாளிக்குச் செர்ரி தக்காளி மேல் ஆசை வந்தது. தக்காளி ஆள் உயரம் போகும். மண் இருந்தால் வேர் ஊன்றிக்கொண்டு கொஞ்சமாவது தாங்கும். இங்கே வேர் தண்ணீரில் முடிபோல மிதக்கிறது. அது எதையும் தாங்காது. செருப்பு ஷீட் ஒன்றே ஆள் உயரச் செடியை நிறுத்தாது. மேலிருந்து நூல் கட்டித் தொங்கவிட வேண்டும்.

ஷெட்டின் குறுக்கே கம்பி இழுத்தோம். கம்பியிலிருந்து நைலான் நூல், நூலின் கீழ் முனையில் தண்டைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப். கட்டும் வேலை கொளஞ்சியக்காவுக்கு. அவர் புடலைப் பந்தலிலும் பாகல் பந்தலிலும் பல வருசம் கொடி கட்டியவர். நூலை ஒரு இழுப்பு இழுத்து முடிச்சுப் போட்டால் வீணைத் தந்தி மாதிரி நிற்கும்.

"இவ்ளோ டைட்டா வேணுமாக்கா?"

"தொய்வா வுட்டா காத்துல ஆடும் தம்பி. ஆடுனா கழுத்து அறுந்துடும். பந்தல்ல அப்பிடித்தான்."

சரியாகத்தான் பட்டது. எங்கள் பக்கம் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பக்கவாட்டு வலையைத் தாண்டி உள்ளே வரும்.

தினமும் காலையில் செடியின் உயரத்தை அளந்து முதலாளிக்கு வாட்ஸப்பில் அனுப்புவது என் வேலை. ஸ்கேலைப் பலகையின் மேல் ஊன்றி, கொழுந்து வரைக்கும் அளப்பேன். செடி சும்மா ஏறவில்லை, தாவியது. ஒரே நாளில் இரண்டு விரல், மூன்று விரல். எந்தப் புத்தகத்திலும் தக்காளி அப்படி வளர்ந்து நான் படித்ததில்லை. சந்தோஷமாக இருந்தது, கூடவே கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஏனென்றால் இலையின் எண்ணிக்கை கூடவில்லை. உயரம் மட்டும்தான் கூடியது. வெளிச்சம் பத்தாமல் நீண்டுபோகிறதோ என்று பார்த்தேன். அப்படி நீண்டால் தண்டு வெளிறிப்போகும். இது பச்சையாகத்தான் இருந்தது.

முதலாளிக்கு இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. "நம்ம தக்காளி எப்புடி ஏறுதுன்னு வந்து பாருய்யா" என்று போனில் எல்லாரையும் கூப்பிட்டார். அவர் மைத்துனர் உடையார்பாளையத்திலிருந்து இரண்டு கூட்டாளிகளோடு வந்தார். டீப் வாட்டர் ஷெட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்வார்கள். செடியை மேலே தூக்கி வேரைப் பார்ப்பார்கள். மண்ணில் யாரும் அப்படிப் பிடுங்கிப் பார்ப்பதில்லை. இங்கே கை வைத்தால் வந்துவிடுகிறதே, அதனால். மைத்துனர் ஒரு செடியைத் தூக்கி, வெள்ளை வேர் தாடிபோலச் சொட்டச் சொட்ட, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

யார் பிடுங்கியது

அதற்குப் பிறகு செடிகள் சாய ஆரம்பித்தன. சில நாள் காலையில் விறைப்பாக நிற்கும். தண்ணீர் விட்டுவிட்டு மத்தியானம் வந்து பார்த்தால் குடிகாரன்போலத் தலை தொங்கிக் கிடக்கும். சில நாள் அதே மத்தியானம் நன்றாக நிற்கும். எனக்கு ஒரு ஒழுங்கும் பிடிபடவில்லை. சில செடிகளில் வேரின் மேல்பகுதி ஷீட்டுக்கு வெளியே பிதுங்கிக் காய்ந்திருந்தது. இரண்டு செடிகள் முழுசாகவே வெளியே வந்து நூலில் தொங்கின.

முதலாளி அந்த இரண்டையும் பார்த்தார். மைத்துனரும் அன்றைக்கு வந்திருந்தார், கூட்டாளிகளும் இருந்தார்கள்.

"யாரு புடுங்கிப் பாத்தது?"

அவர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"தெனம் காலையில பலகையத் தூக்கிப் பாக்குறது யாரு?"

கொளஞ்சியக்கா, "நாந்தாங்க. வேரு அழுவுதான்னு பாக்கச் சொல்லி தம்பிதான் சொன்னிச்சு. ஓரத்தத் தூக்கிப் பாப்பேன். செடியப் புடுங்கல" என்றார்.

"ஓரத்தத் தூக்குனா செடி வெளிய வருமா?"

"நான் புடுங்கலைங்க."

"அப்ப யாரு, பேயி வந்து புடுங்குச்சா? ஒவ்வொரு செடியும் மேல வந்துருக்கு பாரு. ஆசைக்கு ஒன்னு ரெண்டு பாக்கலாம், எல்லாத்தையுமா?"

மைத்துனர், "பொம்பளைங்களுக்கு வேரப் பாக்குறதுல என்னமோ ஒரு இது மாமா" என்றார். கூட்டாளிகள் சிரித்தார்கள். செல்ஃபி எடுத்தவர் அவர்தான்.

முதலாளி சிரிக்கவில்லை. "நீ நாளையிலேர்ந்து வர வேணாம்மா. நான் சொல்லியனுப்புறேன்" என்று சொல்லி, கொளஞ்சியக்காவிடமிருந்த ஷெட் சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

நான் அவரைக் கேட் வரைக்கும் கொண்டுவிடப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. "வெங்காயக் கோஷ்டிய வுட்டுட்டு இங்க வந்தேன். திரும்பிப் போனா மேஸ்திரி கேப்பாரு, ஏன் வந்தேன்னு. என்னான்னு சொல்றது? செடியப் புடுங்குனேன்னு அனுப்பிட்டாங்கன்னா?" என்றார். கொஞ்சம் நின்று, "ஒனக்குத் தெரியும்ல தம்பி, நான் புடுங்கலன்னு" என்றார்.

எனக்கு அது தெரியும் என்றுதான் நினைத்தேன். ஆனால் செடிகள் மேலே வந்திருந்ததும் உண்மை. யாரோ ஒருவர் பிடித்து இழுக்காமல் அது எப்படி வரும்? "பாக்குறேன்க்கா" என்று மட்டும் சொன்னேன். எதைப் பார்ப்பது என்று தெரியாமலே சொன்னேன்.

மார்க்கர் கோடு

அன்றைக்குச் சனிக்கிழமை. போவதற்கு முன் ஒரு மார்க்கர் பேனாவை எடுத்து, எல்லாச் செடியின் தண்டிலும் ஷீட்டைத் தொட்டுக்கொண்டு ஒரு கோடு போட்டேன். யாராவது பிடுங்கினால் கோடு மேலே வரும். அவ்வளவுதான் என் யோசனை. ஞாயிறு ஷெட் பூட்டிக் கிடந்தது. இரண்டு சாவியும் முதலாளியிடம் இருந்தன. அவர் குடும்பத்தோடு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

திங்கட்கிழமை காலை அவர் திறந்துவிட்டுப் போனதும் நேராகப் போய்ப் பார்த்தேன். செடிகள் எல்லாம் விறைப்பாக நின்றன. எல்லாச் செடியிலும் கோடு ஷீட்டுக்கு மேலே இரண்டு விரல் ஏறியிருந்தது.

கோட்டிலிருந்து கொழுந்து வரைக்கும் அளந்தேன். சனிக்கிழமை இருந்ததைவிட ஒரு நூல் அளவுதான் கூடியிருந்தது. அப்படியானால் செடி வளரவில்லை. நான் இத்தனை நாளும் வளர்ச்சி என்று வாட்ஸப்பில் அனுப்பியது வளர்ச்சி இல்லை. செடி வெளியே வந்துகொண்டிருக்கிறது. பூட்டிய ஷெட்டில், ஆளே இல்லாமல், ஒரே அளவாக எல்லாச் செடியும் வந்திருக்கிறது.

தெளிவு வரும் என்று போட்ட கோடு என்னை இன்னும் குழப்பிவிட்டது. காற்றுக் குமிழ் அடியிலிருந்து தள்ளுகிறதோ என்று பம்பை நிறுத்திப் பார்த்தேன். வேர் பெருத்துத் தன்னைத்தானே உந்துகிறதோ என்று யோசித்தேன். எலியாகக்கூட இருக்குமோ என்று ஷெட்டைச் சுற்றி வந்தேன். எந்த எலி எல்லாச் செடியையும் இரண்டு விரல் தூக்கும்? ஒரு கட்டத்தில் தொட்டிச் சுவர் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது மோட்டாருக்குக் கரண்ட் வந்தது. எங்கள் பக்கம் அது வருகிற நேரத்தில்தான் தண்ணீர் விட முடியும், அது தினம் ஒரே நேரத்தில் வராது. ஞாயிறு யாரும் விடாததால் தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. செடி குடிப்பது போக, தார்ப்பாயில் ஒரு மூலையில் கசிவும் உண்டு. குழாயைத் தொட்டியில் போட்டுவிட்டு, அங்கேயே உட்கார்ந்திருந்தேன். வழக்கமாகக் குழாயைப் போட்டதும் அடுத்த வேலைக்குப் போய்விடுவேன். அன்றைக்குப் போக மனம் இல்லை.

தண்ணீர் ஏற ஏற, தெர்மாகோல் பலகையும் மெல்ல ஏறியது. முதலில் நூல் தளர்ந்தது. பிறகு என் கண்ணெதிரே முதல் செடி தலையைச் சாய்த்தது. அடுத்து அதன் பக்கத்துச் செடி. தொட்டி நெடுக ஒவ்வொன்றாகக் குனிந்துகொண்டே போயின.

பலகை மிதக்கிறது. மேலே கம்பி மிதக்கவில்லை.

தண்ணீர் இறங்கும்போது பலகை இறங்குகிறது. நூல் செடியை விடுவதில்லை. அதனால் செடி ஷீட்டை விட்டு மேலே உருவிக்கொள்கிறது. தண்ணீர் ஏறும்போது பலகை ஏறுகிறது. ஆனால் ஷீட் தண்டை இறுக்கிப் பிடித்திருப்பதால், உருவிய செடி திரும்பக் கீழே இறங்குவதில்லை, சாய்கிறது. தொய்ந்த நூலை நாங்கள் மறுபடி விறைப்பாக்கிவிட, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் உருவும். நூல் எவ்வளவு விறைப்போ அவ்வளவு உருவல். பந்தலில் தரை ஆடாது. அங்கே அந்தக் கட்டு சரி. நான் பார்த்த வெளிநாட்டுப் படத்தில் பலகை தொட்டிச் சுவர் மேல் உட்கார்ந்திருந்தது, மிதக்கவில்லை. அதைக் கவனிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

போன்

முதலாளியிடம் வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று பட்டது. மறுநாள் வரைக்கும் தண்ணீர் விடாமல் வைத்திருந்தேன். அவர் மைத்துனரோடும் அந்தக் கூட்டாளிகளோடும் வந்தபோது, "சார், யாரும் எதையும் தொடாதீங்க. சும்மா பாருங்க" என்று சொல்லிக் குழாயைப் போட்டேன்.

செடிகள் குனிய ஆரம்பித்ததும் முதலாளி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். மார்க்கர் கோட்டைக் காட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சாவி யாரிடம் இருந்தது என்று கேட்டேன். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப இதுக்கு என்னா பண்றது?"

"பலகை மிதக்கக் கூடாது சார். தொட்டிக்குக் குறுக்க பைப்பு வெச்சி, அதுமேல பலகையக் கட்டிப்புடுவோம். தண்ணி அடியில ஏறட்டும், எறங்கட்டும்."

"செய்யி. நூலெல்லாம் மறுபடி கட்டணும்ல? கொளஞ்சிய வரச் சொல்லு."

முந்தின நாள் சாயங்காலமே நான் கொளஞ்சியக்காவின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லியிருந்தேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "இத எங்கிட்ட சொல்லி என்னாவப்போவுது? நான் புடுங்கலன்னு எனக்குத் தெரியும். சிரிச்சாங்களே, அவங்களுக்குல்ல தெரியணும்" என்று சொல்லியிருந்தார். அதை எப்படி முதலாளியிடம் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. "நான் கூப்புட்டா வரமாட்டாங்க சார். நீங்க கூப்புடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு போனை எடுத்தார். எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார்.

"கொளஞ்சி, நாளைக்கு வந்துடும்மா."

"எதுக்குங்க முதலாளி?"

"தக்காளி கட்ட."

"புடுங்குனவளே வந்து கட்டலாமுங்களா?"

மைத்துனர் தன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். முதலாளி ஸ்பீக்கரை அணைக்கப் போனவர் அணைக்காமல் விட்டார்.

"நீ புடுங்கலம்மா. தண்ணி எறங்குனதுல தானா வந்துருக்கு. இங்க எல்லாரும் பாத்துக்கிட்டுதான் நிக்கறோம்."

"சரிங்க. வரேன்" என்றார் கொளஞ்சியக்கா.

பிறகு

பைப் வைத்துப் பலகையைக் கட்டிய பின் தண்ணீருக்கும் பலகைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டோம். அந்த இடைவெளியில் வேர் காய்ந்துபோகுமோ என்று முதல் வாரம் நான் தூங்கவில்லை. காயவில்லை. அங்கே பூனை முடிபோலப் புது வேர் வந்தது. அது காற்றை உறிஞ்சுகிற வேர் என்று பிறகு படித்தேன். நூலைக் கொளஞ்சியக்கா பழையபடி விறைப்பாகத்தான் கட்டினார். இப்போது அது சரி. தண்டு பெருக்கப் பெருக்கக் கழுத்துப்பட்டையின் கீறலைக் கொஞ்சம் அகலமாக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது நெரித்துவிடும். அதுவும் சில தண்டு அழுகிய பிறகுதான் தெரிந்துகொண்டோம். தண்ணீர் நுழையும் பக்கத்து மூலைச் செடி மட்டும் ஏன் பாதிதான் காய்க்கிறது என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். உயரம் அளந்தால் எதிலிருந்து அளக்கிறீர்கள் என்று பாருங்கள். பலகையிலிருந்து அளக்காதீர்கள், செடியிலேயே ஒரு குறி வைத்து அளங்கள். இப்போது நான் முதல் இலைக்கணுவில் கோடு போட்டு, அங்கிருந்துதான் அளக்கிறேன்.

அப்படி அளந்து முதல் தடவை சொன்ன நாள் முதலாளி நேரில் வந்திருந்தார்.

"இந்த வாரம் எவ்ளோப்பா?"

"நாலு விரல் சார்."

"வாரத்துக்கே நாலு வெரலுதானா? முன்னெல்லாம் ரெண்டு நாள்ல சொல்லுவியே."

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள், தொட்டிக்கு அந்தப் பக்கம் குனிந்து நூல் கட்டிக்கொண்டிருந்த கொளஞ்சியக்கா தலையைத் தூக்காமலே சொன்னார்:

"இது வளந்ததுங்க முதலாளி."